உப்பு: சரி

அந்த அட்டை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. பலெர்மோ நகரின் போர்கோ வெக்கியோப் பகுதியில், ஒரு ஒழுங்கைக்குள், எட்டு மேசைகள் மட்டுமே போடக்கூடிய ஸ்பானிய உணவகம் ஒன்றின் குசினியில், குளிர்பெட்டிக் கதவில், தேசிக்காய் வடிவத்தில் செய்த ஒரு காந்தத்தின் கீழே. உள்ளங்கை அளவு அட்டை. பிளாஸ்டிக் உறை போட்டவள் நான். ஐந்து வரிகளும் என் கையெழுத்தில் இருக்கின்றன: உப்பு, புளிப்பு, உறைப்பு, சோற்றின் பதம், மணம். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு சிறு கட்டம். பேனாவால் சரி போட்டுவிட்டு ஈரத்துணியால் துடைத்துவிடலாம். இந்த ஐந்து வருடங்களில் அந்தக் கட்டங்களில் எத்தனை தடவை சரி போட்டிருப்பேனோ தெரியாது. அத்தனையும் துடைபட்டுப் போய்விட்டன. ஒரேயொரு சரி மட்டும், துடைத்த பிறகும், எனக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது.

என் தொழில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. மருந்துக் கடைகளின் குளிர்பெட்டிகள், மீன்கடைத் தராசுகள், ஆய்வுகூடங்களின் வெப்பமானிகள் எல்லாம் சொல்வது உண்மைதானா என்று பார்த்து, தாளில் வரி வரியாக எழுதி, கீழே கையெழுத்து வைப்பேன். பார்க்காத கருவிக்குக் கையெழுத்து வைக்கக் கூடாது. இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய விதி எதையும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எட்டு வயதில் இலங்கையிலிருந்து பலெர்மோவுக்கு வந்து, இங்கேயே படித்து, இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்த விதியை நான் ஒரே ஒரு தடவைதான் மீறியிருக்கிறேன். அது வேலைத்தலத்தில் நடக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தக் குசினி வாசலில் நடந்தது.

அந்த உணவகத்துக்கு முதல் தடவை போனபோது நாங்கள் மூன்று பேர். மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் இருந்த ஒரு சாரதிப் பயிற்சிப் பள்ளியில் ஒரே வாங்கில் இருந்து படித்துச் சிநேகமானவர்கள். ஒருத்தி மன்னார்க்காரி, என் வயது, வேதக்காரப் பிள்ளை, பல்வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை செய்தாள். மற்றவர் எங்களைவிடப் பத்து வயது மூத்தவர், ஒரேத்தோ என்ற பகுதியில் இருந்தபடியால் எங்களுக்கு ஒரேத்தோ அக்கா, நாலு வீடுகளில் துப்புரவு வேலை. எழுத்துப் பரீட்சையில் மூவரும் சித்தியடைந்த அன்று, பீட்சாவும் வேண்டாம், சோறு கறியும் வேண்டாம், இதுவரை சாப்பிடாத ஒன்றைச் சாப்பிடுவோம் என்று அக்காதான் எங்களை அந்த ஒழுங்கைக்குள் கூட்டிக்கொண்டு போனார். அகலமான இரும்புத் தட்டையில் இறாலும் மட்டியும் கணவாயும் போட்ட மஞ்சள் சோறு வந்தது. மன்னார்க்காரி ஒரு வாய் வைத்துவிட்டு, "நல்ல சோறுதான், ஆனா இவங்கள் கறித்தூள் போட மறந்திட்டாங்கள்" என்றாள்.

தட்டையைக் கொண்டுவந்து வைத்த ஆள் திரும்பிப் பார்த்தார். "மறக்கேல்லைத் தங்கச்சி. போடக் கூடாதெண்டு சொல்லியிருக்கினம்."

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்தபடி எங்கள் மேசையோரம் நின்று, "உண்மையைச் சொல்லுங்கோ, உப்பு எப்பிடி? காணுமோ, குறைவோ?" என்று கேட்டார்.

"சமைச்ச உங்களுக்குத் தெரியாதோ அண்ணை?" என்றேன் நான்.

"தெரியாது" என்றார்.

அன்றிலிருந்து அவர் எங்களுக்கு அண்ணை. அவர் சொன்ன விஷயத்தை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நாங்கள் கதைத்துக்கொண்டு போனோம். யாழ்ப்பாணத்தின் கரையோர ஊர் ஒன்றில் பிறந்தவர். மூன்று வேளையும் மீன் இருந்த வீடு. பலெர்மோவுக்குப் புறப்படும்போது ஊர் முருகன் கோயிலில் ஒரு நேர்த்தி வைத்திருந்தார்: மனைவியும் மகளும் தன்னிடம் வந்து சேரும்வரை மச்சம் வாயில் வைப்பதில்லை. மீன், இறைச்சி, முட்டை எதுவும் இல்லை. ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு வருடம் என்று நினைத்து வைத்த நேர்த்தி. நாங்கள் அவரைச் சந்தித்தபோது ஆறு வருடமாகியிருந்தது. "விருப்பமில்லாததை விட்டா அது நேர்த்தியே? எனக்கு மீனெண்டா உயிர். அதுதான் அதைக் குடுத்தனான்" என்றார். அப்படிப்பட்ட மனிதரைக் கொண்டுவந்து ஒரு ஸ்பானியக் குசினியில், இறாலுக்கும் கணவாய்க்கும் நடுவில் நிறுத்தியிருந்தது வாழ்க்கை.

அது நடந்த விதம் இப்படி. உணவகத்தின் சொந்தக்காரி ஸ்பெயினின் கிழக்குக் கரையில் பிறந்து, பலெர்மோக்காரர் ஒருவரைக் கலியாணம் செய்து இங்கே வந்தவர். கணவர் இறந்த பிறகும் கடையை விடாமல் நடத்தினார். எல்லோரும் அவரைச் சினியோரா என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணை அங்கே பாத்திரம் கழுவச் சேர்ந்தவர். சினியோராவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்து, அடுப்பின் முன்னால் நிற்க முடியாமல் போனபோது, நாலு வருடமாகப் பக்கத்தில் நின்று அவர் சமைப்பதைப் பார்த்த ஒரே ஆள் அண்ணைதான். கண்ணாலும் மூக்காலும் படித்தவர். எண்ணெயில் பூண்டு எப்போது நிறம் மாற வேண்டும், சோற்றின் சத்தம் எப்போது குறைய வேண்டும், அடியில் எப்போது பொருக்குப் பிடிக்க வேண்டும் எல்லாம் தெரியும். ஒன்று மட்டும் தெரியாது. வாயில் வைக்காமல் உப்பை அறிய இதுவரை யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

ஆகவே நாங்கள் அவருடைய நாக்கானோம். மாதத்தில் இரண்டு தடவை, மூவரும் ஒன்றாக மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவோம். குசினிக் கதவுக்குப் பக்கத்து மேசை எங்களுடையது. முதலில் ஒரு சிறு கோப்பையில் கொதிக்கும் சாறு வரும். பிறகு சோறு. நாங்கள் சொல்வதைக் கேட்டு அவர் அளவைக் குறித்துக்கொள்வார். இரண்டு தடவையிலேயே எங்கள் கருவிகளின் குறைபாடு எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரேத்தோ அக்கா எதைக் கொடுத்தாலும் "நல்லாயிருக்கு, பாவம் அண்ணை" என்பார். "அக்கா, உங்களிட்டை உப்பைக் கேட்டா நீங்கள் அவற்றை மனசைச் சொல்லுறியள்" என்று மன்னார்க்காரி நக்கலடிப்பாள். அவளோ எதைக் கொடுத்தாலும் முகத்தைச் சுளிப்பாள். என் நாக்கு நடுவில் நின்றது. அதனால்தான் அட்டையைச் செய்தேன். "எப்படி இருக்கு" என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். ஐந்து கேள்வி கேட்டால் ஐந்து பதில் வரும். அண்ணை அட்டையை இரண்டு கையாலும் வாங்கி, குளிர்பெட்டிக் கதவில் வைத்து, தூர நின்று பார்த்தார். "பெர்மெசோ மாதிரியெல்லோ இருக்கு" என்றார். வதிவிட அனுமதி அட்டையைத் தவிர வேறு எதையும் அவர் அவ்வளவு கவனமாகப் பிடித்து நான் பார்த்ததில்லை.

எங்களுக்கு அது விளையாட்டாகத் தொடங்கிய ஒரு காரியம். அவருக்கு அப்படியல்ல. குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பிக்க முழுநேர வேலை ஒப்பந்தம் வேண்டும். கையில் இருந்தது பாத்திரம் கழுவும் அரைநேர ஒப்பந்தம். மகளுக்கு அப்போது பதினேழு முடிந்து சில மாதங்கள். பதினெட்டு முடியுமுன் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு சட்டத்தின் கண்ணில் அவள் பிள்ளையல்ல, தனி ஆள். மனைவியை மட்டும் கூப்பிடலாம். மகளைத் தனியே விட்டுவிட்டு மனைவி வரமாட்டார். கணக்கு அவ்வளவுதான். சினியோராவுக்கும் இது தெரியும். இரக்கம் உள்ள மனுஷிதான். ஆனால் ஸ்பெயினில் அவருடைய பெறாமகன், சகோதரியின் மகன் ஒருவன், சமையல் படித்துவிட்டு வரத் தயாராக இருந்தான். "ருசி பார்க்காதவனிடம் என் கடையைக் கொடுப்பது, கண்ணை மூடியவனிடம் காரைக் கொடுப்பது மாதிரி" என்று அவர் இத்தாலியனில் சொன்னதை அண்ணையே எங்களிடம் சொன்னார். கோபமில்லாமல்தான் சொன்னார். சினியோரா சொல்வதிலும் நியாயம் இருக்குத்தானே என்றார்.

ஒவ்வொரு வருடமும் ஐப்பசியில் சினியோராவின் ஊர்க்காரர்கள் ஐந்து பேர், சிசிலியின் வெவ்வேறு மூலைகளில் இருப்பவர்கள், ஒரு ஞாயிறு மத்தியானம் அங்கே கூடிச் சாப்பிடுவார்கள். அந்த வருடம் அண்ணைதான் சமைக்க வேண்டும், அடுப்பு அண்ணைக்கா பெறாமகனுக்கா என்பதை அவர்கள் சாப்பிட்ட பிறகு முடிவு செய்வதாகச் சினியோரா சொல்லிவிட்டார். உப்பிட்டுக் காயவைத்த பெரிய மீன் போட்ட சோறு கேட்டார். பலெர்மோக்காரர் பக்கலா என்று சொல்லும் மீன். கல்லுப் போல இருக்கும். இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்க வேண்டும். கருவாட்டோடு வளர்ந்த அண்ணைக்கு அது புதிதல்ல. அதற்கு முன் நாலு தடவை அதே சோற்றைச் செய்து, நாங்கள் சாப்பிட்டு, அட்டையில் ஐந்து வரிக்கும் சரி போட்டிருந்தோம்.

அந்த ஞாயிறு கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள். எங்கள் வீட்டில் சஷ்டி விரதம் அம்மாவுடையது. அந்த வருடம் அவருக்கு மருந்துக் குளிசைகளைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டியிருந்ததால், "எனக்காக நீ பிடி" என்று என்னிடம் தந்திருந்தார். ஆறு நாளும் பகலில் ஒன்றும் இல்லை, பொழுதுபட்ட பிறகு பாலும் பழமும். மச்சம் பற்றிய பேச்சே இல்லை. சுவைப்பதற்கு மன்னார்க்காரி இருக்கிறாள்தானே என்ற நினைப்பில் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அன்று காலை அவளுக்குப் பங்குக் கோயிலில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானம், அவள்தான் ஞானத்தாய். பன்னிரண்டுக்கு வந்துவிடுவேன் என்றவள், பூசை நீண்டுபோய், ஒரு மணியாகும் என்று செய்தி அனுப்பினாள். ஒரேத்தோ அக்காவும் சஷ்டிக்காரி. அவர் வந்து மேசையில் இருந்து, கண்ணை மூடிக்கொண்டு கந்தனைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டரைக்குக் குசினிக் கதவு திறந்தது. அண்ணை சிறு கோப்பையை நீட்டினார். வெள்ளைத் துணியை நெற்றியில் கட்டியிருந்தார். முகத்தில் இரத்தமில்லை. "தங்கச்சி, இன்னும் பத்து நிமிசத்திலை அரிசி போட வேணும்" என்றார். உள்ளே அடுப்பு இரைந்தது. அவர் திரும்பி அரிசியை அளக்கப் போனார். நான் கோப்பையை மூக்கருகே பிடித்தேன். அதே மணம், அதே நிறம். வாயில் வைக்கவில்லை. குளிர்பெட்டியில் தொங்கிய அட்டையில், உப்புக்கு எதிரே சரி போட்டேன். மற்ற மூன்றுக்கும் போட்டேன். சோற்றின் பதத்தை மட்டும் விட்டேன், சோறு இன்னும் வேகவில்லை என்பதால். அந்த ஒரு கட்டத்தை ஒழுங்காக வெறுமையாக விட்டதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றைக்கும் கூசுகிறது.

"ருசி பார்த்தனீரோ?" என்று அடுப்படியிலிருந்தே கேட்டார்.

"ஓம் அண்ணை."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிற்பாடு ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முதலாவது: நாலு தடவை அதே மீன், அதே நேரம், அதே அளவு, முடிவும் அதே. ஐந்தாவது தடவை மட்டும் ஏன் மாறப்போகிறது. இரண்டாவது: என்னிடம் இருந்தது அம்மாவின் விரதம். என்னுடையதென்றால் ஒருவேளை விட்டிருப்பேன். இன்னொருவருடையதை எப்படி உடைப்பது. இரண்டையும் எழுதிவிட்டு நெடுநேரம் இருந்துதான் மூன்றாவதை எழுதினேன். விரதம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் உடனே கோப்பையைப் பறித்திருப்பார், "ஐயோ, உம்மட்டைப் போய்க் கேட்டிட்டன்" என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டிருப்பார். பிறகு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அந்த வெளிறிய முகத்தோடு நின்றிருப்பார். அந்த நிமிடத்தில் அந்த முகத்தைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை. அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன் என்று எழுதலாம். ஆனால் அது எனக்கு வசதியான பதில்.

எங்கள் மேசைக்கென்று அவர் எப்போதும் ஒரு சிறு தட்டையில், அதே சாற்றில், விருந்தாளிகளின் சோற்றுக்குப் பத்து நிமிடம் முந்தி அரிசி போடுவார். அன்றும் போட்டார். ஒரு மணிக்கு மன்னார்க்காரி பட்டுச் சேலையோடு, ஞானஸ்நான வீட்டில் கொடுத்த சீனி பூசிய பாதாம் பையோடு, மூச்சு வாங்க வந்து இருந்தாள். எங்கள் சோறு வந்தது. விரதக்காரர் இருவரும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஒரு கரண்டி நிறைய அள்ளி வாயில் போட்டாள். போட்டவள் அப்படியே நின்றாள். துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. தண்ணீர்க் கோப்பையை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "கடலையே அள்ளிக்கொண்டு வந்திருக்கிறார் மனுசன்! என்னடி, சாறு பார்த்தனியோ இல்லையோ?" என்றாள்.

நான் எழும்பிக் குசினிக்குள் போனேன். வழக்கமான மீன்கடை பூட்டியிருந்ததால் அண்ணை அந்தத் தடவை வேறு கடையில் வாங்கியிருந்தார் என்பதும், துண்டுகள் இரண்டு மடங்கு தடிப்பு என்பதும், இரண்டு நாள் ஊறியும் நடுவில் உப்பு இறங்கவில்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது ஒன்றுதான். பெரிய தட்டை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது, சோறு அரைவாசி வெந்திருந்தது. சினியோராவும் ஐந்து பேரும் முன் மேசையில் ஒலிவ் காய் கடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணை, உப்புக் கூடிப்போச்சு. நல்லாக் கூடிப்போச்சு. நான் ருசி பார்க்கேல்லை. சஷ்டி விரதம். பார்த்தனான் எண்டு பொய் சொன்னனான்."

அவர் என்னைப் பார்த்தார். ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். அவர் பார்வையைத் தட்டைக்குத் திருப்பி, அடுப்பைக் குறைத்து, "அதைப் பிறகு கதைப்பம். எவ்வளவு கூட?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். "அப்ப மற்றப் பிள்ளையைக் கூப்பிடும்."

கூப்பிட்டிருக்கலாம். அவள் பத்தடி தூரத்தில்தான் இருந்தாள். அம்மா இன்றுவரை கேட்கும் கேள்வி அது. நான் சொல்லும் பதில் தொழில் சார்ந்தது: அளவுக்கு மிஞ்சிய சுமையைத் தாங்கிய தராசு கொஞ்ச நேரத்துக்குச் சரியாகக் காட்டாது. அவ்வளவு உப்பை விழுங்கிய நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. உண்மையில் அந்த நேரம் நான் தராசை நினைக்கவில்லை. அட்டையில் நான் போட்ட சரி கண்ணுக்கு முன்னால் இருந்தது. "நான் பார்க்கிறன்" என்று கரண்டியை எடுத்தேன்.

"வேண்டாம் தங்கச்சி. விரதமெல்லே."

"உங்கடை நேர்த்தியை விட இது சின்னது" என்றேன். சாற்றை வாயில் வைத்தேன். ஐந்து நாளாக உப்பே காணாத நாக்கு. கண்ணில் தண்ணீர் வந்தது. "உப்பு மூண்டிலை ஒண்டு ஆக வேணும்."

அவர் செய்ததை நான் ஒன்றும் மறக்கவில்லை. மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டார். தட்டையைச் சரித்து, சாற்றை அகப்பையால் மொண்டு தொட்டிக்குள் ஊற்றினார். பிறகு பின் அடுப்பில் இருந்த சிறு பானையை எடுத்தார். அது அவருடைய சாப்பாடு. கரட், லீக்ஸ், தக்காளி, உருளைக்கிழங்கு போட்டு, உப்புப் போடாமல் அவித்து, கடைசியில் தனக்கு வேண்டிய அளவு உப்புப் போட்டுப் பாண் ரொட்டியோடு குடிப்பார். ஆறு வருடமாக அவருடைய மத்தியானம் அதுதான். அந்த மரக்கறிச் சாறு முழுவதையும் தட்டைக்குள் ஊற்றினார். "பாரும்." பார்த்தேன். "இன்னும் கூட." சுடுதண்ணீர். "பாரும்." "இன்னும் கொஞ்சம்." மசித்த கிழங்கு. தக்காளி. ஆறு தடவை பார்த்தேன். ஆறாவது தடவை இரண்டு கரண்டி எடுத்து, விழுங்கிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, "சரி" என்றேன். அண்ணை அட்டைப் பக்கம் திரும்பவேயில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தட்டையில் இருந்தது சினியோரா கேட்ட காய்ந்த சோறல்ல. அகப்பையால் அள்ளி ஊற்ற வேண்டிய குழைவான ஒன்று. கழுவிய மீனை மேலே வைத்து, தட்டைக் கோப்பைகளை எடுத்துவிட்டுக் குழிக்கோப்பைகளைக் கொடுத்து, அவரே கொண்டுபோய் வைத்தார். நாங்கள் மூவரும் எங்கள் மேசையிலிருந்து பார்த்தோம். சினியோரா கோப்பைக்குள் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், கரண்டியை எடுத்தார். பிறகு ஐவரில் மூத்தவர், நரைத்த மீசைக்காரர், பாண் கேட்டார். பாணால் கோப்பையின் அடியைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, கோப்பையைத் திரும்ப நீட்டினார். ஒரேத்தோ அக்கா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து நசுக்கினார்.

சினியோரா தடியை ஊன்றிக்கொண்டு குசினிக்குள் வந்தார். இது என்ன, நான் கேட்டது இதுவா என்றார். அண்ணை சுற்றிவளைக்கவில்லை. மீன் தடிப்பு, உப்புக் கூடிவிட்டது, தண்ணீர் சேர்த்தேன் என்று அவருக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது, நீதான் வாயில் வைக்க மாட்டாயே என்றார் சினியோரா. நான் வாசலில் நின்று, நான்தான், முதலில் பார்க்காமல் சரி போட்டதும் நான்தான் என்றேன். அவர் அட்டையைப் பார்த்தார். தமிழ் எழுத்து விளங்கவில்லை, சரி அடையாளம் விளங்கியது. "என் தாயும் உப்புக் கூடினால் இப்படித்தான் செய்வாள். எங்களிடம் அதைப் புதுச் சமையல் என்று சொல்லுவாள்" என்றார். பிறகு அண்ணையிடம், "இனி மீன் வாங்க நானும் வருவேன், முழங்கால் நொந்தாலும்" என்றார். முழுநேர ஒப்பந்தம் அடுத்த கிழமையே கைக்கு வந்தது. மகளுக்குப் பதினெட்டு முடிய ஐந்து வாரம் இருக்கும்போது விண்ணப்பம் போனது.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். சாமியறைக்குள் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்து, "மீனோ?" என்று மட்டும் கேட்டார். மீன் சாறு என்றேன். "அடுத்த வருசம் திரும்பப் பிடி" என்றார். பிடித்தேன். அண்ணை அதைப் பற்றிப் பிறகு கதைக்கவேயில்லை. பிறகு கதைப்பம் என்று சொன்னவர் அந்தப் பிறகுக்கு வரவேயில்லை. ஆனால் அதன் பிறகு சாறு தரும்போது கோப்பையை நீட்டிவிட்டு உடனே திரும்ப மாட்டார். நான் விழுங்கும்வரை நிற்பார். சந்தேகமா என்று எனக்கு முதலில் சுட்டது. மன்னார்க்காரிக்கும் அப்படியே நிற்பதைப் பார்த்த பிறகுதான், நாங்கள் விரதம் என்று சொல்ல இடம் வைக்கிறார் என்று விளங்கியது. "இண்டைக்குச் சாப்பிடலாமோ?" என்று கேட்கவும் பழகியிருந்தார்.

அனுமதி வந்து, விசா வந்து, தாயும் மகளும் விமானம் ஏற இன்னும் ஒரு வருடத்துக்குக் கிட்டப் போனது. அவர்கள் வந்த மறுவாரம், கடை பூட்டும் திங்கட்கிழமை, இரண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு அண்ணை எங்களுக்கு விருந்து வைத்தார். சினியோராவும் வந்தார். அதே உப்பு மீன் சோறு, இந்தத் தடவை காய்ந்த சோறு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியாகத் தன் கோப்பையில் ஒரு மீன் துண்டை வைத்தார். ஏழு வருடம் கழித்து. யாரும் கரண்டியைத் தொடவில்லை. மகள் தகப்பனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். நீண்ட நேரம் மென்றார். கண்ணைத் திறந்தபோது அதில் நீர் இருந்தது. பிறகு தட்டையைப் பார்த்து, மிகுந்த கவலையோடு சொன்னார்: "உப்புக் காணாது."

"அண்ணை!" என்று மன்னார்க்காரி கத்தினாள். "இவ்வளவு காலமும் போர்கோ வெக்கியோ முழுக்க இதைத்தானே சாப்பிட்டது!"

"தூளும் காணாது" என்றார் அவருடைய மனைவி, மெதுவாக. நாங்கள் சிரித்த சிரிப்பில் சினியோரா என்ன நடந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். யாராலும் சொல்ல முடியவில்லை.

இது நடந்து மூன்று வருடம். ஒரேத்தோ அக்கா குடும்பத்தோடு லண்டனுக்குப் போய்விட்டார், தொலைபேசியில் இன்னும் எல்லாம் நல்லாயிருக்கு என்கிறார். மன்னார்க்காரிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஒன்றாகச் சாப்பிட நாள் பார்ப்பதே பெரும்பாடு. அண்ணையின் மகள் இங்கே தாதியர் படிப்புப் படிக்கிறாள். எங்களைவிட வேகமாக, பலெர்மோக்காரரின் இழுவையோடு இத்தாலியன் கதைக்கிறாள். நான் வியாழக்கிழமைகளில், அந்தப் பக்கம் வேலை இருந்தால், மத்தியானம் தனியே போவேன். போன கிழமை போனபோது சினியோரா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். இவன் ருசி பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து என் சோறு கெட்டுப்போகிறது, ஒவ்வொரு மாதமும் உப்பும் உறைப்பும் ஒரு நுள்ளுக் கூடுகிறது, வாடிக்கைக்காரர் தண்ணீர் தண்ணீர் என்று கேட்கிறார்கள் என்றார். அண்ணை பின்னால் நின்று மறுக்காமல் சிரித்தார். "என்ர நாக்கு ஊருக்குப் போயிட்டுது தங்கச்சி. நான் பார்த்தா எல்லாம் குறைவாத்தான் இருக்கு" என்றார். குளிர்பெட்டிக் கதவில் அட்டையைத் துடைத்து, பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

சிறு கோப்பையில் சாறு வந்தது. வியாழக்கிழமை, விரதமில்லை. அண்ணை நின்றார். நான் ஒரு கரண்டி வாயில் வைத்து விழுங்கினேன்.

"ருசி பார்த்தனீரோ?"

"ஓம் அண்ணை" என்றேன். பேனாவை எடுத்து உப்பின் எதிரே கொண்டுபோனேன். பிறகு பேனாவை விட்டுவிட்டு, சரி போடுமுன் இன்னொரு தடவை பார்க்க, கோப்பையில் மிச்சமிருந்ததையும் குடித்தேன்.